பதிவெண் வழிக் கார் கட்டுப்பாடு

காரின் நம்பர் பிளேட்டில் உள்ள கடைசி எண்ணைப் பார்த்து, அந்தக் கார் இன்று தெருவில் இறங்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் முறை. நகரக் காற்றின் மாசைக் குறைப்பதற்காக 1980கள் முதல் ஏதென்ஸ், சாண்டியாகோ, மெக்சிகோ நகரம், பாரிஸ், பெய்ஜிங், தில்லி முதலிய நகரங்கள் இதைக் கையாண்டுள்ளன. இதில் இரண்டு வகை உண்டு. ஒற்றைப்படை எண் கார்களுக்கு ஒருநாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பாதிக் கார்களை நிறுத்துவது ஒரு வகை. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டு எண்கள் என்று பிரித்து, ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்துவது இன்னொரு வகை. முதல் வகை பெரும்பாலும் சில நாள் நெருக்கடிக்கு. இரண்டாவதை ஆண்டுக்கணக்கில் நடத்துகிறார்கள்.

கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. அது எல்லா வண்டியிலும் இருக்கிறது, தூரத்திலிருந்தே தெரிகிறது, 0 முதல் 9 வரை ஏறக்குறையச் சமமாகப் பரவியிருக்கிறது. சிக்னலில் நிற்கும் போலீஸ்காரருக்குக் கண் இருந்தால் போதும், கருவி வேண்டாம். ஆனால் வண்டி போன மாதம் வாங்கியதா, இருபது வருடம் ஓடித் தேய்ந்ததா, எவ்வளவு புகை கக்குகிறது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. இந்த முறையின் வரலாறு பெரும்பாலும் அந்தக் குருட்டு எண்ணுக்குக் கண் வைக்க நகரங்கள் பட்ட பாடுதான்.

வண்டிகளைத் தடுப்பது பழைய வழக்கம். ஜூலியஸ் சீசர் காலத்து ரோமில் சரக்கு வண்டிகள் பகலில் நகருக்குள் வரத் தடை இருந்தது, அது நெரிசலுக்காக. கடைசி எண்ணைப் பார்க்கும் வழக்கமோ பெட்ரோல் பங்க் வரிசையில் பிறந்தது. 1973–74 எண்ணெய் நெருக்கடியின்போதும் மறுபடி 1979-லும் அமெரிக்க மாநிலங்கள் சில, ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை வண்டிக்கு மட்டும் பெட்ரோல் என்று விதித்தன. அப்போது ஒரு வேடிக்கையான சந்தேகம் வந்தது: பூஜ்யம் எந்தப் பக்கம்? கணக்கு வாத்தியாருக்குச் சந்தேகமில்லை. ஆனால் பங்கில் நிற்பவருக்கு இருந்தது. பூஜ்யம் இரட்டைப்படைதான் என்று மேரிலாந்தும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் சட்டத்திலேயே எழுதி வைத்தன. 2022-ல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோதும் கடைசி எண்ணை வைத்தே வண்டிகளுக்கு நாள் ஒதுக்கினார்கள்.

காருக்கும் கெட்ட காற்றுக்கும் முடிச்சு போட்டவை லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகள். 1943 கோடையில் அந்த நகரத்தில் கண் எரியும் மூட்டம் இறங்கியது. 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற லண்டன் மூட்டம் நிலக்கரிப் புகை. லாஸ் ஏஞ்சலிஸ் மூட்டம் வேறு வகை. கார்ப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை வேதியியலாளர் ஆரி ஹாகன்–ஸ்மிட் 1950களின் தொடக்கத்தில் காட்டினார். இந்த வேதியியலில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சில நகரங்களில் நைட்ரஜன் ஆக்சைடை மட்டும் குறைத்தால் ஓசோன் குறையாது, கூடவும் கூடும். காரைப் பாதியாக்கினால் மாசும் பாதியாகும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது.

காற்றுக்காகப் பதிவெண்ணைப் பார்த்த முன்னோடி நகரம் ஏதென்ஸ். ‘நெஃபோஸ்’, அதாவது மேகம் என்று ஊரார் பெயரிட்ட பழுப்பு மூட்டத்தை விரட்ட, 1982-ல் நகர மையத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, வேலை நாட்களில் அதற்குள் ஒற்றை–இரட்டை முறையைக் கொண்டுவந்தார்கள். வளையத்தைக் குறிக்கும் ‘தக்திலியோஸ்’ என்ற சொல்லே திட்டத்தின் பெயராயிற்று. வசதியுள்ள வீடுகள் வேறு எண்ணில் இரண்டாவது கார் வாங்கிக்கொண்டன. பிற்காலத்தில் மாசு குறைந்த கார்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டாவது கார் தந்திரம் பெரிய அளவில் அரங்கேறிய இடம் மெக்சிகோ நகரம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம் அது. மேலே மெல்லிய காற்று, அதனால் எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியாது. கிண்ணத்தில் சேர்ந்த புகை எளிதில் வெளியேறாது. 1989 நவம்பர் 20 அன்று ‘ஓய் நோ சிர்குலா’ தொடங்கியது. ‘இன்று ஓடாது’ என்று பொருள். குளிர்காலத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள், 1990-ல் நிரந்தரமாயிற்று. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் வகுத்து, கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். 5, 6 மஞ்சள், திங்கள்கிழமை ஓடக் கூடாது. 7, 8 இளஞ்சிவப்பு, செவ்வாய். 3, 4 சிவப்பு, புதன். 1, 2 பச்சை, வியாழன். 9, 0 நீலம், வெள்ளி. காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை தடை. செவ்வாய்க்கிழமை வீட்டில் நிற்கும் இளஞ்சிவப்புக் காருக்குத் துணையாக, வேறு நிறத்தில் ஒரு பழைய கார் வந்தால் வாரம் முழுக்க ஓடலாம் என்று மக்கள் கணக்குப் போட எத்தனை நாள் ஆகும்?

அதிக நாள் ஆகவில்லை. தடை கார் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டது என்று உலக வங்கி ஆய்வாளர்கள் 1990களிலேயே எழுதினார்கள். பொருளியலாளர் லூகஸ் டேவிஸ் மணிவாரியான காற்றுப் பதிவுகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட கட்டுரைதான் பலமான அடி. கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன் என எதிலும் திட்டத்தால் முன்னேற்றம் வந்ததற்கு ஆதாரம் இல்லை; புழக்கத்தில் உள்ள வண்டிகள் கூடியிருந்தன, மெட்ரோ ரயிலில் கூட்டம் கூடவில்லை என்றார் அவர். அதே 2008-ல் தடையைச் சனிக்கிழமைக்கும் நீட்டினார்கள். அதையும் அவர் பின்னர் ஆராய்ந்தார், முடிவு மாறவில்லை.

ஆனாலும் மெக்சிகோ நகரத்தின் காற்று 1990களுக்குப் பிறகு வெகுவாகத் தெளிந்தது உண்மை. அந்தப் புகழை ஸ்டிக்கருக்குக் கொடுப்பது நியாயமில்லை. 1991-ல் அஸ்காபோட்சால்கோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை மூடினார்கள், புதுக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கினார்கள், பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கினார்கள். திட்டமும் மெல்ல வளைந்து கொடுத்தது: புகைச் சோதனையில் தேறிய கார்களுக்கு ஹாலோகிராம் ஒட்டி, அவை எல்லா நாளும் ஓடலாம் என்றார்கள். வண்டியின் வயதைக் காரணம் காட்டி ஹாலோகிராமை மறுக்கக் கூடாது என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்ல, பழைய வண்டிகள் தெருவுக்குத் திரும்பின. 2016 மார்ச்சில் ஓசோன் அபாய அளவைத் தாண்டியது. ஏப்ரல் முதல் ஜூன் இறுதி வரை, நல்ல கார் கெட்ட கார் பாராமல் எல்லாரும் வாரம் ஒருநாள் நிறுத்த வேண்டியதாயிற்று.

மெக்சிகோ தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த இடத்துக்குச் சிலியின் தலைநகர் சாண்டியாகோ முன்பே வந்திருந்தது. ஆண்டீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த நகரம் 1986-ல் எண் தடையைத் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் விதியை மாற்றி, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள கார்களுக்குப் பச்சை முத்திரை கொடுத்துத் தடையிலிருந்து விடுவித்தார்கள். இரண்டாவதாக ஒரு பழைய காரை வாங்குவதைவிட, இருப்பதை விற்றுப் புதுக் கார் வாங்குவது லாபம் என்றாயிற்று. கார்களின் தரமே வேகமாக மாறியது. பச்சை முத்திரைக் கார்களும் காலப்போக்கில் பழசாகிவிட, 2018-ல் 2011-க்கு முந்தியவற்றை மறுபடி தடைக்குள் இழுத்தார்கள். இந்த முறை ஒழுங்காக வேலை செய்த இடம் எது என்று கேட்டால், என் கை சாண்டியாகோவையே காட்டும்.

பிரேசிலின் சாவோ பாலோவும் (1996) கொலம்பியாவின் பொகோட்டாவும் (1998) இதே வழியில் வந்தவை. சாவோ பாலோவில் காற்றுக்காகத் தொடங்கிய தடை, 1997 முதல் நகராட்சி கையில் உச்ச நேர நெரிசல் தடையாக உருமாறி நிலைத்தது. பாரிஸ் 1997 அக்டோபர் 1 அன்று ஒரே நாள் ஒற்றை–இரட்டை நடத்தியது. அடுத்த முறைக்கு 2014 மார்ச் வரை காத்திருந்தது. பிறகு எண்ணை விட்டுவிட்டு, எஞ்சின் தரத்தைச் சொல்லும் ‘கிரிட்ஏர்’ ஸ்டிக்கருக்கு மாறியது.

பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்குக்காக ஜூலை 20 முதல் செப்டம்பர் 20 வரை ஒற்றை–இரட்டை முறையை நடத்தியது. காற்று தெளிந்தது. ஆனால் அதே காலத்தில் ஆலைகளையும் கட்டுமானங்களையும் நிறுத்தியிருந்தார்கள், ஆகவே காரின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். விளையாட்டு முடிந்ததும் அக்டோபரிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் தடையாகக் குறைத்தார்கள். எண்கள் சமமாகப் பரவியிருக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே பொய்த்தது. சீனத்தில் நான்கு என்ற எண்ணின் உச்சரிப்பு சாவைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால், 4-ல் முடியும் பதிவெண்ணை யாரும் விரும்புவதில்லை. எனவே 4-க்கும் 9-க்கும் தடை விழும் நாளில் குறைவான கார்களே வீட்டில் நின்றன, தெருவில் நெரிசல் கூடியது. ஆய்வாளர்களுக்கு அது தானாகக் கிடைத்த சோதனைச்சாலை. இரண்டாவது கார் என்னும் ஓட்டையைப் பெய்ஜிங் வேறு விதமாக அடைத்தது: 2011-ல் புதிய பதிவெண்ணையே குலுக்கலில் கொடுக்கத் தொடங்கியது.

தில்லியின் கதை நீதிமன்றங்களோடு பின்னிப் பிணைந்தது. 1985-ல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998-ல் இட்ட உத்தரவால் பேருந்துகள் சி.என்.ஜி. என்னும் அழுத்திய இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அந்த ஆதாயத்தைப் பெருகிய வண்டிகள் விழுங்கிவிட்டன. 2015 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் நகரை விஷவாயு அறைக்கு ஒப்பிட்டதும், அப்போதைய முதலமைச்சர் அரவிந்த் கெஜ்ரிவாலின் அரசு ஒற்றை–இரட்டைத் திட்டத்தை அறிவித்தது. 2016 ஜனவரி 1 முதல் 15 வரை, ஞாயிறு நீங்கலாக, காலை 8 முதல் இரவு 8 வரை. மீறினால் 2,000 ரூபாய் அபராதம். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, பள்ளிப் பேருந்துகளைப் பயணிகளுக்கு ஓட்டினார்கள். பனி மூட்டத்தில் சந்திக்குச் சந்தி நின்ற தன்னார்வலர்கள், தவறான எண்ணில் வந்தவர்களுக்கு ரோஜாப்பூ நீட்டினார்கள்.

விலக்குப் பட்டியல் நீளமானது. குடியரசுத் தலைவர் முதல் நீதிபதிகள் வரை பலருக்கு விலக்கு. முதலமைச்சர் தமக்கு அதை எடுத்துக்கொள்ளவில்லை. தனியாகவோ பெண்களோடோ செல்லும் பெண் ஓட்டுநர்களுக்கு விலக்கு. சி.என்.ஜி. கார்களுக்கு ஸ்டிக்கருடன் விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, இருசக்கர வண்டிகள் முழுக்கத் தப்பின. அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளப் பேருந்து இல்லை என்பதே காரணம். கான்பூர் ஐ.ஐ.டி. தில்லி அரசுக்குத் தந்த அறிக்கையைப் பார்த்தால் இதன் கனம் புரியும். நுண்துகள் மாசில் (பிஎம் 2.5) வண்டிகளின் பங்கு சுமார் 20 சதவீதம், அந்த இருபதில் லாரிகள் 46 சதவீதம், இருசக்கர வண்டிகள் 33, கார்கள் 10. மொத்தத்தில் கார்களுக்கு இரண்டு சதவீதம்! அதில் பாதியை, அதிலும் விலக்குகளைக் கழித்துவிட்டு நிறுத்தினால் மிஞ்சுவது என்ன என்று விமரிசகர்கள் கேட்டார்கள்.

மிஞ்சியது ஓரளவு இருந்தது என்பதுதான் ஆச்சரியம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிரீன்ஸ்டோன் குழு அண்டை நகரங்களோடு ஒப்பிட்டு, ஜனவரியில் தடை நேரத்தில் நுண்துகள் 10 முதல் 13 சதவீதம் வரை குறைந்ததாகக் கணக்கிட்டது. குளிர்காலத்தில் மாசு தரையோடு தங்குவதால் சிறு குறைப்பும் அளவையில் தெரியும். ஏப்ரல் 15 முதல் 30 வரை நடந்த இரண்டாவது சுற்றில் அந்த விளைவு தெரியவில்லை. வெயில் ஏறியதும் காற்று மேலெழுந்து கலந்துவிடுகிறது. ஆனால் ஜனவரியில் தில்லிவாசிகள் பேசிக்கொண்டதெல்லாம் மாசைப் பற்றி அல்ல, தெருக்கள் காலியாக இருந்ததைப் பற்றித்தான்.

2017 நவம்பரில் மறுபடி அறிவித்தபோது, இருசக்கர வண்டிக்கும் பெண்களுக்கும் விலக்குக் கூடாது என்றது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அரசு திட்டத்தையே கைவிட்டது. 2019 நவம்பர் 4 முதல் 15 வரை மூன்றாவது சுற்று நடந்தது. அபராதம் 4,000 ரூபாய் ஆயிற்று. ஸ்டிக்கர் மோசடியைக் காரணம் காட்டிச் சி.என்.ஜி. விலக்கை நீக்கினார்கள். 2023 நவம்பரில் நான்காவது முறை அறிவித்தபோது, இதெல்லாம் பார்வைக்கு மட்டும்தானா என்று உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. மழை பெய்து காற்றைக் கழுவ, திட்டம் தள்ளிப்போயிற்று.

இதனிடையே வேறு வழிகளும் வளர்ந்தன. சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 2006-ல் ஏழு மாதம் சோதித்துப் பார்த்து, வாக்கெடுப்பும் நடத்தி, மறு ஆண்டு நிரந்தரமாக்கியது. எல்லைக்கோட்டைக் கடக்கும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. லண்டன் 2019 முதல் பழைய எஞ்சின்களிடம் நாளுக்கு 12.50 பவுண்டு வசூலிக்கிறது. 2023 ஆகஸ்டில் அது மாநகரம் முழுக்கப் பரவியது. அங்கே கேமரா நம்பர் பிளேட் முழுவதையும் படித்து, பதிவேட்டில் அந்த வண்டியின் எஞ்சின் தரத்தைத் தேடுகிறது.

தில்லியும் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. காற்றின் தரத்துக்கேற்பப் படிப்படியாக இறுக்கும் செயல்திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், பழைய மாசுத் தரங்களான பி.எஸ்.3 பெட்ரோல் கார்களும் பி.எஸ்.4 டீசல் கார்களும் ஓடத் தடை. கடைசி எண் எதுவானாலும் சரி. ஒற்றை–இரட்டை முறை நான்காம் கட்டத்தில், மாநில அரசு விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியாக இன்னும் இருக்கிறது. 2024 நவம்பரில் நான்காம் கட்டம் அமலுக்கு வந்தது. அந்த வரியை யாரும் தொடவில்லை.