வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், திரும்ப வந்த கேப்டன்

2010 பிப்ரவரியில் இங்கிலாந்து கால்பந்து அணியின் கேப்டன் ஜான் டெர்ரியை அந்தப் பொறுப்பிலிருந்து தூக்கினார்கள். சொந்த வாழ்க்கை பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகள்தான் காரணம். தூக்கியவர் பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ. பதிமூணு மாசம் கழிச்சு, 2011 மார்ச்சில், அதே கபெல்லோ அதே டெர்ரியைக் கூப்பிட்டு அதே பட்டையைக் கையில் கட்டிவிட்டார். இடையில் கேப்டனாக இருந்த ரியோ ஃபெர்டினாண்ட் காயத்தில் இருந்தார். டெர்ரிக்கு ஒரு வருஷ தண்டனை போதும் என்பது கபெல்லோவின் கட்சி. ஊரே ரெண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

சோளக்காட்டில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எதுக்கு இங்கிலாந்துக் கால்பந்து என்று கேட்பீர்கள். நியாயம்தான். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, மிளகும் பலாவும் வாழையும் விற்கிற சந்தை ஊரில் இருப்பவனுக்கு கபெல்லோ சித்தப்பனா மாமனா? :-) ஆனால் 'பதவி பறிபோனவனுக்கு அதைத் திருப்பித் தரலாமா' என்ற கேள்வி எல்லா ஊருக்கும் பொது. நம்ம நாட்டில் இந்தக் கேள்விக்கு டெர்ரியை விடப் பல மடங்கு சுவாரசியமான ஆள் ஒருத்தர் உண்டு. கால்பந்து இல்லை, கிரிக்கெட். லாலா அமர்நாத். ஒரு தடவை அல்ல, ரெண்டு தடவை அவமானப்பட்டு ரெண்டு தடவையும் திரும்பி வந்தவர்.

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதல் அடி: 1936

1933 டிசம்பரில் இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட், பம்பாய் ஜிம்கானா மைதானத்தில். அதுதான் அமர்நாத்துக்கும் முதல் டெஸ்ட். வயசு 22. இரண்டாவது இன்னிங்ஸில் 118 ரன். இந்தியாவுக்காக டெஸ்டில் அடிக்கப்பட்ட முதல் சதம் அதுதான். மைதானத்தில் இருந்த பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று இன்னும் கதை சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட நாயகன், மூணே வருஷத்தில் மூட்டை கட்ட வேண்டி வந்தது.

1936 இங்கிலாந்துப் பயணத்துக்கு கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார். செல்லமாக விஜி. அன்றைய சென்னை மாகாணத்து ஆள்தான். கையில் காசும் மேலிடத்தில் செல்வாக்கும் நிறைய, ஆட்டம் கொஞ்சம். ஆனால் அவர்தான் கேப்டன், கீழே ஆடுகிறவர் சி.கே. நாயுடு! அணிக்குள் ராஜா கோஷ்டி, எதிர் கோஷ்டி என்று பிளவு.

அமர்நாத் அந்தப் பயணத்தில் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். எசெக்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ரெண்டு சதம். அப்புறம் லார்ட்ஸில் மைனர் கவுண்டீஸ் அணியோடு ஆட்டம். அமர்நாத்தைக் கால்காப்பு கட்டிக்கொண்டு தயாராக இருக்கச் சொன்னார்கள். விக்கெட் விழ விழ வேறு ஆட்களை அனுப்பினார் விஜி. மனுஷன் மணிக்கணக்காகக் காத்திருந்தார். கடைசியில் நாள் முடியப் போகிற நேரத்தில் அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் காப்பைக் கழற்றி வீசிவிட்டு பஞ்சாபியில் ஏதோ சொன்னார்.

அவ்வளவுதான். விஜியும் மேலாளர் மேஜர் பிரிட்டன் ஜோன்ஸும் ஒழுங்கீனம் என்று சொல்லி அவரைக் கப்பலேற்றினார்கள். முதல் டெஸ்டுக்கு முன்னாடியே ஊருக்கு. இந்திய அணி அந்தத் தொடரை 2-0 என்று தோற்றது. விஜிக்கு மட்டும் அந்தப் பயணத்தின்போதே சர் பட்டம் கிடைத்தது. எப்பூடி!

நம்ம ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் அந்த அணியில் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் கோட்டா ராமசாமி. நாற்பது வயசில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று அடித்தவர். இன்னொருவர் எம்.ஜே. கோபாலன். பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட்டா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். தியான்சந்த் தலைமையில் ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. கோபாலனுக்கு அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூட கிடைக்கவில்லை. விஜியின் கப்பலில் ஏறியதற்கு ஒவ்வொருத்தரும் ஒரு விலை கொடுத்தார்கள்.

பிறகு விசாரணை நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமாண்ட் தலைமையில் குழு. 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. விஜிக்கு ஆட்களை எங்கே நிறுத்துவது, பந்து வீச்சை எப்போது மாற்றுவது என்று எதுவும் தெரியவில்லை என்று வெளுத்து வாங்கியது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவரை விட ஏற்றியவர்தான் அதிகம் அடி வாங்கினார். ஆனால் என்ன பிரயோஜனம்? அடுத்து உலகப் போர். 1934-க்கு அப்புறம் அமர்நாத் ஆடிய அடுத்த டெஸ்ட் 1946-ல். பன்னிரண்டு வருஷம்! ஒரு ஆட்டக்காரனின் மொத்த இளமை.

கேப்டன் ஆனார்

1947-48 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு விஜய் மெர்ச்சன்ட்தான் கேப்டன் என்று முடிவாகியிருந்தது. அவர் விலகினார். பொறுப்பு அமர்நாத்துக்கு வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒழுங்கீனம் என்று துரத்தப்பட்டவர், சுதந்திர இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன்.

நேரம் பாருங்கள். நாடு ரெண்டாகிறது. லாகூரில் வாழ்ந்த அமர்நாத்துக்கு அந்த ஊரே இல்லாமல் போகிறது. அணிக்குத் தேர்வான ஃபாசல் மஹ்மூத் பாகிஸ்தான் பக்கம் போகிறார் (பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்). மெர்ச்சன்ட் இல்லை, முஷ்டாக் அலி இல்லை, ரூசி மோடி இல்லை. எதிரே பிராட்மேன். தொடர் 4-0 என்று போனது. ஆனாலும் விக்டோரியாவுக்கு எதிராக அமர்நாத் 228 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். டெஸ்ட் வாழ்க்கையில் பிராட்மேன் ஹிட் விக்கெட் ஆனது ஒரே தடவை, பிரிஸ்பேனில். அந்தப் பந்தைப் போட்டவர் நம்ம லாலா.

1948-49-ல் மேற்கிந்தியத் தீவுகள் இங்கே வந்தது. சென்னையில் பலமாக உதைபட்டோம், தொடர் 1-0 போனது. பம்பாயில் கடைசி டெஸ்டில் 361 எடுத்தால் ஜெயம். 355-ல் நிற்கும்போது ஆட்டம் முடிந்தது என்று நடுவர் அறிவித்துவிட்டார். ஆறே ரன்! நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்று இன்றுவரை புலம்பல் உண்டு.

இரண்டாவது அடி: 1949

அந்தத் தொடர் முடிந்து ரெண்டு மாசம். 1949 ஏப்ரலில் கிரிக்கெட் வாரியம் அமர்நாத்தை இடைநீக்கம் செய்தது. தொடர்ந்து தவறான நடத்தை, ஒழுங்கு மீறல் என்று காரணம். நாட்டுக்கும் ஆட முடியாது, மாகாணத்துக்கும் ஆட முடியாது. இதன் பின்னால் இருந்தவர் வாரியத் தலைவர் அந்தோனி டி மெல்லோ. வாரியத்தையே கட்டி எழுப்பிய ஆட்களில் ஒருவர். சாமானியர் இல்லை.

டி மெல்லோ வைத்த குற்றச்சாட்டுகள் மொத்தம் 23. அதில் கனமானது, கல்கத்தாவில் 5000 ரூபாய் பணமுடிப்பு வாங்கிக்கொண்டு வங்காள ஆட்டக்காரர் ஒருவரை அணியில் சேர்த்தார் என்பது. அமர்நாத் சும்மா இருப்பாரா? 39 பக்கத்துக்குப் பதில் எழுதி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். 1936-ல் கப்பலில் அழுதுகொண்டு வந்த பையன் இல்லை இவர். 23-க்கு 39!

1951-ல் வாரியத் தலைவர் தேர்தலில் டி மெல்லோ, ஜே.சி. முகர்ஜியிடம் தோற்றார். அந்தப் பருவத்தில் இங்கிலாந்து இங்கே வந்தபோது அமர்நாத் மறுபடி அணியில். ஆனால் கேப்டன் ஹசாரே. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதே, இன்னிங்ஸ் மற்றும் 8 ரன்னில்? வினு மன்கட் 12 விக்கெட், பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம். அந்தப் பதினோரு பேரில் அமர்நாத்தும் ஒருவர், சாதாரண ஆட்டக்காரராக. தான் தலைமை தாங்கியபோது பத்து டெஸ்டில் கிடைக்காத வெற்றியை, இன்னொருத்தர் தலைமையில் ஓரமாக நின்று பார்த்தார். அந்த நாளில் அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

அடுத்த கோடையில் இங்கிலாந்துப் பயணம். அமர்நாத்தை எடுக்கவில்லை. ஹெடிங்லியில் நம்ம ஸ்கோர் ரன் எதுவும் இல்லாமல் நாலு விக்கெட்! ட்ரூமேன் பந்தைப் பார்த்து நம்மாட்கள் நடுங்கினார்கள். தொடர் 3-0.

மூன்றாவது வரவு: 1952

அந்த வருஷ அக்டோபரில் பாகிஸ்தான் முதன்முதலாக டெஸ்ட் ஆட வருகிறது. பிரிவினை ரத்தம் காய்ந்து அஞ்சு வருஷம்தான். எதிரணி கேப்டன் அப்துல் ஹஃபீஸ் கர்தார், 1946-ல் இந்தியாவுக்காக ஆடியவர். இந்தச் சூழலில் யாரைக் கேப்டன் ஆக்குவது? லாகூரை இழந்த லாலாவை. பறித்த பதவி திரும்ப வந்தது.

டெல்லியில் மன்கட் 13 விக்கெட் எடுக்க, இன்னிங்ஸ் வெற்றி. லக்னோவில் இன்னிங்ஸ் தோல்வி. 12 விக்கெட் எடுத்துக் கவிழ்த்தவர் யார் தெரியுமா? ஐந்து வருஷத்துக்கு முன் அமர்நாத்தின் அணியில் ஆடியிருக்க வேண்டிய அதே ஃபாசல் மஹ்மூத். அந்த இன்னிங்ஸில் ஒரு பக்கம் சரிந்துகொண்டே இருக்க, கடைசிவரை 61 ரன்னோடு நின்றவர் கேப்டன். பம்பாயில் அமர்நாத்தே முதல் நாள் 4 விக்கெட் எடுத்தார், பத்து விக்கெட் வெற்றி. சென்னையில் மழை, டிரா. கல்கத்தாவும் டிரா. 2-1. இந்தியா ஜெயித்த முதல் டெஸ்ட் தொடர். அதோடு அமர்நாத்தின் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது.

கணக்கு பார்த்தால் கேப்டனாக 15 டெஸ்ட்: 2 வெற்றி, 6 தோல்வி, 7 டிரா. அந்த ரெண்டு வெற்றியும் திரும்ப வந்த பிறகு கிடைத்தவை.

என் ரெண்டு காசு

பறிபோன பதவி திரும்பி வருவதற்கு மூணு வழி இருப்பதாகப் படுகிறது. ஒன்று, விசாரித்துத் தப்பில்லை என்று தெரிந்து வருவது. ரெண்டு, வேறு ஆள் இல்லாமல் கூப்பிடுவது. மூணு, துரத்தியவரின் நாற்காலி போய் வருவது.

டெர்ரிக்கு நடந்தது ரெண்டாவது. அதனால்தான் அது நிலைக்கவில்லை. 2012 பிப்ரவரியில் வேறொரு வழக்கு வந்தபோது மறுபடி பறித்தார்கள். அதை எதிர்த்த கபெல்லோ வேலையையே விட்டார். அமர்நாத்துக்கு மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் நடந்தது. ஆனால் அவர் விஷயத்தில் முக்கியமானது, 1937-ல் ஒரு நீதிபதி உட்கார்ந்து துரத்தியவரையும் சேர்த்து விசாரித்தார் என்பதுதான். வழக்கமாக நாம் என்ன செய்கிறோம்? துரத்தப்பட்டவனை மட்டும் விசாரிக்கிறோம்.

இங்கே மலையிலும் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பக்கம் ஒரு வாலிபால் அணி. நுழைவுக் கட்டணப் பணத்துக்குக் கணக்கு கேட்டான் என்று கேப்டன் பையனை நீக்கினார்கள். 'பெரியவங்ககிட்ட மரியாதை இல்லாம பேசுறான்' என்று காரணம். கணக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. அவன் குரலை உயர்த்தினானா இல்லையா என்பதைப் பற்றித்தான் ஒரு வாரம் பேச்சு. பையன் இப்போது நாமக்கல்லில் வேலை பார்க்கிறான், பந்தைத் தொடுவதே இல்லை. ஒழுங்கீனம் என்ற வார்த்தை ரொம்ப வசதியான வார்த்தை. சொல்பவருக்கு ஆதாரம் வேண்டாம், கேட்பவனுக்குப் பதிலும் இருக்காது. எல்லாருக்கும் 39 பக்கம் எழுத வராதே.

அதற்காகத் தப்பு செய்தவன் எல்லாம் அமர்நாத் என்று சொல்ல வரவில்லை. லாலாவுக்கு வாய்த்துடுக்கு உண்டு, கோபம் உண்டு, யாருக்கும் வளையாத கழுத்து உண்டு. காப்பைக் கழற்றி வீசியது தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்கு அது தண்டனையா?

கடைசியாக ஒரு கொசுறு. 1954-ல் வாரியத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? விஜி! அதே காலகட்டத்தில் தேர்வுக் குழுத் தலைவர்? அமர்நாத்! அந்தப் பதவியில் இருந்தபோதுதான் 1959 கான்பூர் டெஸ்டுக்கு ஜாசு படேல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். படேல் 14 விக்கெட் எடுத்தார், ஆஸ்திரேலியாவை முதன்முதலாக ஜெயித்தோம். துரத்தப்பட்டவர் கையில் அதிகாரம் வந்தால் பழி வாங்குவார் என்பார்கள். இவர் ஓரங்கட்டப்பட்டிருந்த ஒரு பந்து வீச்சாளரைத் தேடிப் பிடித்தார். திருப்பிக் கொடுத்த நம்பிக்கைக்கு இதைவிட நல்ல வட்டி கிடைக்காது.

உங்கள் ஊரிலும் இப்படித் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த, அல்லது வராமலே போன கேப்டன்கள் இருப்பார்கள். பின்னூட்டத்தில் சொல்லுங்கள் மக்களே. அவர்கள் பக்கத்துக் கதையையும் யாராவது எழுத வேண்டாமா?