ஓடந்துறையின் காற்றாலை: ஓர் ஊராட்சி நிதியின் வரலாறு

ஊர்ப் பொதுவேலைக்கு ஊராரே பொருளும் உழைப்பும் தரும் வழக்கம் தமிழகத்தில் ஊராட்சிச் சட்டங்களைவிடப் பழமையானது. குளங்களையும் வாய்க்கால்களையும் பாசனதாரர்கள் கூடித் தூர்வாரிக் கரை செப்பனிடும் அவ்வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. அது தளர்ந்தபோது சென்னை மாகாண அரசு 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதைக் கட்டாயக் கடமையாக நிலைநிறுத்த முயன்றது. பின்னாளில் நீர்நிலைகளின் பொறுப்பு பெரிதும் அரசுத் துறைகளிடம் சென்றுவிட, தன் வளத்தைத் தானே காக்கும் உரிமையும் அதற்கான நிதியும் ஊருக்கு ஒருசேரக் குறைந்தன.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு, 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்த பின்னர், வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், அரசு மானியம் ஆகியவற்றைக் கொண்டு ஊராட்சிகள் தாமே திட்டமிடும் வாய்ப்பு மீண்டும் பிறந்தது. அவ்வாய்ப்பை முழுமையாகக் கையாண்டது, கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்து நீலகிரி அடிவாரத்தில் அமைந்த ஓடந்துறை ஊராட்சியாகும். 1996 தேர்தலில் தலைவரான ஆர். சண்முகத்தின் காலத்தில் குடிநீர்த் திட்டங்களும் தெருவிளக்குகளும் பெருகின. அவற்றோடு மின்கட்டணமும் பெருகி, வருவாயில் பெரும்பங்கை விழுங்கலாயிற்று. இதற்கு மாற்றாக, மரக்கழிவைக் குறைந்த காற்றில் எரித்து எரிவாயுவாக்கி எஞ்சினை இயக்கும் 9 கிலோவாட் திறனுள்ள கருவி 2003இல் நிறுவப்பட்டு, குடிநீர் இறைக்கப் பயன்பட்டது.

அடுத்து, 2006இல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சி தன் பெயரிலேயே வாங்கியது. விலையான ரூ.1.55 கோடியில் ரூ.40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சிய ரூ.1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை தொலைவில் இருப்பினும், அது மின்வாரியக் கட்டமைப்பில் செலுத்தும் மின்சாரம் ஊராட்சியின் பயன்பாட்டில் கழிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தியில் சுமார் 4.5 லட்சம் ஊரின் தேவைக்குப் போக, மிச்சம் வாரியத்துக்கே விற்கப்பட்டது. அவ்வருவாய் கடனை அடைக்க உதவியது.

மின்கட்டணச் சுமையிலிருந்து விடுபட ஊர் தேடிய வழியே கரிம உமிழ்வைக் குறைக்கும் வழியாகவும் அமைந்தது. ரூ.40 லட்சம் கையிருப்பு இல்லாதிருந்தால் கடனும் இல்லை, காற்றாலையும் இல்லை. ஆனால் மானியத்தைத் தன் விருப்பப்படி செலவிட ஊராட்சிக்கு இடம் குறைவு: 15ஆவது நிதிக் குழு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2021 முதல் 2026 வரை பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று வரையறுக்கப்பட்டது. அப்பணிகள் இன்றியமையாதவையே. ஆயினும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் காலநிலை இயக்கங்கள் அமைந்துள்ள இக்காலத்தில், ஊர் தானே முடிவெடுத்துச் செலவிடக்கூடிய நிதி வளர்ந்தாலன்றி, ஓடந்துறை செய்ததைப் பிற ஊராட்சிகள் செய்தல் அரிது.