நொச்சிக்குப்பம்: கரை நீங்கா வாழ்வு

மதில் காக்கும் வீரர்க்குரிய பூவாகப் பழந்தமிழ்ப் புறப்பொருள் இலக்கணம் நொச்சியைக் குறிக்கும். மயிலாப்பூருக்குக் கிழக்கே மெரினாவை ஒட்டி அமைந்த நொச்சிக்குப்பத்தின் பெயர்க்கு இதுவே காரணம் எனல் பொருந்தாது. எனினும் அக்குப்பத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு அப்பூ நினைவில் எழாமற் போகாது.

நகரங்களை மகிழ்ச்சியால் வரிசைப்படுத்தும் வழக்கம் இன்று பரவியுள்ளது. 2020ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை 186 நகரங்களை ஒப்பிட்டு ஹெல்சிங்கிக்கு முதலிடம் தந்தது. ஒரே நகரத்தினுள் கரைக்கும் உள்நிலத்துக்கும் இடையே வாழ்வு வேறுபடுவதை அத்தகைய வரிசை காட்டாது.

1970இல் தோன்றிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதைத் தன் முழக்கமாகக் கொண்டது. ஓர் அரசு வாரியம் சிரிப்பைக் குறிக்கோளாக்கியது வியப்பே! நொச்சிக்குப்பத்தில் அது எழுப்பிய மாடிக் குடியிருப்புகளால் குடிசை மாறிற்று, கரை மாறவில்லை. 1985இலோ, மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுப் படகுகளையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. டிசம்பர் 4 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். உலாவ வருவோரின் இன்பத்துக்காக உழைப்போரின் மணல் கேட்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 மார்ச் 30இல் அரசாணை ஒன்று வெளிவந்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் அப்பால் குடியேற இசைந்தால் புதுவீடு பெறலாம். இசையாதார் தம் செலவிலேயே பழைய வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும், அரசின் உதவி கிட்டாது. இதற்கு விருப்பம் என்று பெயர்! சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செம்மஞ்சேரிக்குச் சென்றன. சென்றோரைப் பேதையர் எனல் தகாது. அலை எட்டாத உறுதியான வீடு சிறிய பேறன்று. ஆனால் விடியுமுன் காற்றின் திசையறிந்து படகு தள்ளுவோர்க்கும், வலையையும் எந்திரத்தையும் இரவில் காவல்காப்போர்க்கும், கரைசேர்ந்த மீனை உடனே விலைகூறும் பெண்டிர்க்கும், அவ்வீடு தொழிலைத் தொலைத்த வீடாகும். நெய்தலில் நிலமும் தொழிலும் ஒன்றே என்பதை ஆணை எழுதியோர் எண்ணினாரல்லர்.

2023 ஏப்ரலில் இணைப்புச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோது பெண்டிர் சாலையில் அமர்ந்து எதிர்த்தனர். 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி அங்கேயே திறக்கப்பட்டது. படகு கரையேறும் இடத்திலிருந்து கூடையைத் தலையில் சுமந்து நடக்கும் தொலைவில்தான் அது உள்ளது.