சுவரும் கோடும்

ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோர் பிணங்கிப் பிரிவதும், பின்னர்க் கண்ணீர் மல்கக் கூடுவதும் தமிழ்த் திரைப்படத்தின் பழைய கதைப்பொருள்களுள் ஒன்று. அக்கதையின் முடிவு 27 ஆண்டுகளில் எங்ஙனம் மாறிற்று என்பதற்கு இரண்டு படங்கள் சான்றாகும்.

முதலாவது, 1959-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த 'பாகப் பிரிவினை'. டி. எஸ். பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் உடன்பிறந்தார், சிவாஜி கணேசன் கை ஊனமுற்ற கண்ணையன். கிராமத்துக் கூட்டுக் குடும்பம் கலகத்தால் இரண்டாகிறது; வீட்டின் நடுவே சுவர் எழுகிறது. இறுதியில் குடும்பம் மீண்டும் ஒன்றாகிறது. நிலமும் மனையும் பொதுச்சொத்தாய் இருந்த வாழ்க்கைக்கு வேறு முடிவு பொருந்தியிராது.

இரண்டாவது, விசு எழுதி இயக்கி நடித்து, ஏ.வி.எம். நிறுவனம் 1986-இல் வெளியிட்ட 'சம்சாரம் அது மின்சாரம்'. இங்கே நிலம் இல்லை; மாதச் சம்பளமே உண்டு. சண்டை மூள்வதும் அதனாலேயே. மூத்த மகன் சிதம்பரம் (ரகுவரன்) தன் வருவாயையும் குடும்பச் செலவையும் தராசில் இட்டுப் பார்க்கிறான். தந்தை அம்மையப்ப முதலியாரோ மானம் பெரிதென்பவர். விளைவாக வீட்டுக்குள்ளே ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. அப்பால் இருப்பவன் மகனல்லன், வெறும் குடித்தனக்காரன்! சுவர் எழுப்பக் கொத்தனார் வேண்டும். கோடு கிழிக்கக் கோபம் ஒன்றே போதும்.

இத்தனை கசப்பையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதே விசுவின் திறம். மாமனாராக வரும் ஆல்பர்ட் பெர்னாண்டஸை எதிர்த்துப் பணிப்பெண் கண்ணம்மா (மனோரமா) அடிக்கும் கூத்தை மறந்தவர் இலர். பன்னிரண்டாம் வகுப்பில் தேறாத தம்பிக்கு இரவெல்லாம் பாடம் சொல்லும் கணவனால் மனம் புழுங்கித் தாய்வீடு செல்லும் வசந்தாவின் துயரமும் நகைச்சுவையாகவே தொடங்குகிறது. ஆயினும், இடநெருக்கடி மிக்க நகரத்து வீட்டில் இளந்தம்பதியர் படும் பாட்டை அத்துணை நாகரிகமாகச் சொன்ன படங்கள் குறைவு.

பிரசவத்துக்குப் பிறந்தகம் சென்று திரும்பும் மூத்த மருமகள் உமா (லட்சுமி) முறிந்த உறவுகளை ஒவ்வொன்றாக இணைக்கிறாள். கணவனும் மனம் மாறுகிறான். அவையோர் எதிர்பார்ப்பது சுபம் என்னும் எழுத்து ஒன்றே. அப்போது அவள், இனி ஒரே வீடு வேண்டாம், தனித்தனியே வாழ்ந்து அவ்வப்போது கூடி மகிழ்வோம் என்கிறாள். ஒட்டவைத்த பாத்திரத்தை மறுபடியும் அடுப்பில் ஏற்ற அவளுக்கு மனமில்லை.

இக்கதைக்கே அது இரண்டாம் வாய்ப்பு என்பது பலர் அறியாத செய்தி. 'உறவுக்கு கை கொடுப்போம்' என்னும் விசுவின் மேடை நாடகம் 1975-இலேயே படமாகி எடுபடாமற்போயிற்று. ஏ.வி.எம். சரவணன் யோசனைப்படி கண்ணம்மா பாத்திரம் சேர்க்கப்பட்டு, அதே கரு மீண்டும் திரையேறியது. நல்ல பொழுதுபோக்கை அளிக்கும் வெகுசனப் படத்துக்கான தேசிய விருதாகிய தங்கத்தாமரையை 1986-ஆம் ஆண்டுக்குப் பெற்றது. 1987-இல் தெலுங்கு, இந்தி, கன்னடம், 1988-இல் மலையாளம் என நான்கு மொழிகளுக்கும் சென்றது. சம்பளத்தை நம்பி வாழ்வோர் எங்கும் இருந்தனர் அல்லவா?

பிழைப்பை நாடித் தாயகம் விட்டு வந்த நம் இல்லங்களில் உமாவைக் கல்நெஞ்சக்காரி என்ற பெரியோர் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் பெற்றோர் முகம் காணும் நமக்கு அவள் சொல் ஆறுதலாகவும் இருந்தது, குற்றவுணர்வாகவும் தைத்தது. எனக்கு அவள் முடிவு சரியென்றே படுகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. கணவருக்கும் மக்களுக்கும் நடுவே நின்று கலங்கும் மாமியார் கோதாவரியை (கமலா காமேஷ்), அம்மா, உனக்கு எது வேண்டும் என்று தனியே அழைத்து ஒருவரேனும் கேட்டிருக்கலாம்.