அட்டைக்கடியிலிருந்து இருதயக் குழாய் வரை

1818 ஆம் ஆண்டு ஊவா - வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்க மலையேறிய பிரித்தானியப் படையில் மதராஸ் சிப்பாய்களும் சுமைகூலிகளும் இருந்தனர். அவர்களை வாட்டியவர்கள் கிளர்ச்சியாளர் மட்டுமல்லர், காட்டு அட்டைகளும்தாம். அட்டைக்கடியினால் பலர் மாண்டனர் என்று, இலங்கையில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய எமர்சன் டெனன்ட் 1861 இல் வெளியான தமது இயற்கை வரலாற்று நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

அட்டை வயிறு நிறைந்து விழுந்த பின்னும் கடிவாயில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தோர் தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மை இது. இதன் காரணத்தை 1884 இல் கண்டறிந்தவர் பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஜோன் பெரி ஹேகிராஃப்ட். மருத்துவ அட்டையின் உமிழ்நீரில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று இருப்பதை அவர் காட்டினார். அதற்குப் பின்னர் ஹிருடின் என்று பெயரிட்டனர். காட்டு அட்டையும் இதற்கு இளைத்ததன்று. இந்தியக் காட்டு அட்டையொன்றிலிருந்து ஹெமடின் என்னும் அதே வகைப் பொருள் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி 1993 இல் வெளியாயிற்று.

இம்மருந்தின் கதையும் சிறுநீரகத்தின் கதையும் தொடக்கத்திலேயே பிணைந்துவிட்டன. 1913 இல் அமெரிக்காவில் ஜோன் ஏபல் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்து விலங்குகளில் சோதித்தபோது, குழாய்களில் இரத்தம் உறையாமலிருக்க ஹிருடினையே பயன்படுத்தினார். 1924 இல் ஜேர்மனியின் கீசன் நகரில் கெயோர்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்தபோதும் கைகொடுத்தது ஹிருடினே. பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். எனினும் அட்டையிலிருந்து கிடைத்த மருந்து அரிதாகவும் தூய்மையற்றதாகவும் இருந்தது. 1916 இல் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்வில் தொடங்கிய ஹெப்பரின், 1930களில் டொரொண்டோவில் தூய்மைப்படுத்தப்பட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1977 செப்டெம்பர் 16 ஆம் திகதி, சூரிச் நகரில் அந்திரேயாஸ் குருன்சிக் அடைபட்ட இருதயக் குழாயினுள் சிறு பலூனைச் செலுத்தி விரித்தார். அறுவை இன்றி இருதயக் குழாயைத் திறக்கும் காலம் பிறந்தது. ஆனால் குழாயினுள் கம்பியும் பலூனும் நுழைந்தவுடன் இரத்தம் அவற்றைச் சுற்றி உறைய முற்படும். உறைந்தால் மாரடைப்பு, உறையாமலிருக்க மருந்து மிகுந்தால் குருதிப்பெருக்கு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில்தான் மருத்துவர் நடக்கவேண்டும்.

சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அந்தப் பாதை மேலும் ஒடுங்கிவிடுகிறது. கழிவு தேங்கிய இரத்தத்தில் குருதிச் சிறுதட்டுகள் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே இரத்தம் எளிதில் கசியும். அதேவேளை உறைகட்டி தோன்றும் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். போதாக்குறைக்கு, மருந்தை வெளியேற்றுவதும் பெரும்பாலும் சிறுநீரகமே. எனொக்ஸாபரின் என்னும் ஊசிமருந்து உடலில் தேங்கிவிடும் என்பதால், சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்கு 30 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கியவருக்கு அளவைக் குறைத்தாகவேண்டும். பழைய ஹெப்பரின் சிறுநீரகத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. புரோட்டமின் என்ற முறிமருந்தும் அதற்கு உண்டு. ஹிருடினை மாதிரியாகக் கொண்டு உருவாக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பைவாலிருடின், நலமான உடலில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றால் அந்த 25 நிமிடம் 57 நிமிடமாகும். இரத்தச் சுத்திகரிப்பில் வாழ்பவருக்கு மூன்றரை மணித்தியாலமாகும். இத்தகைய மருந்துகளைச் சோதித்த பேராய்வுகள் பலவும் கடுமையான சிறுநீரக நோயாளரைச் சேர்க்காமலே நடந்தவை என்பதையும் வாசகர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

இது ஊவாவுக்குத் தொலைவான செய்தியன்று. பதுளை மாவட்டத்தின் தாழ்நிலப் பகுதியான கிராந்துருக்கோட்டை, காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் மிகுந்த இடங்களுள் ஒன்று. மலைத்தோட்டங்களிலோ, எங்கும் போலவே, நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைச் சத்தமின்றி அரிக்கின்றன. இருதயக் குழாயைக் கெடுப்பவையும் அவையே.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். 1976 இல் கொக்கிராஃப்ட், கோல்ட் ஆகிய இருவர் வெளியிட்ட சூத்திரம், வயது, உடல் எடை, இரத்தத்திலுள்ள கிரியற்றினின் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் வலுவை மதிப்பிடுகிறது. கிரியற்றினின் 1.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு விடை ஏறத்தாழ 69. அதே 1.4 ஐக் கொண்ட, 65 வயது, 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு விடை வெறும் 25. தாளில் எண் ஒன்றே. ஆனால் அவருக்கு முழு அளவு எனொக்ஸாபரின் ஆபத்தானது.

அந்த இரண்டாம் நோயாளி யார் என்று மலையகத்தை அறிந்தோருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆயுள் முழுதும் கூடை சுமந்து இளைத்து, லயத்து அறையில் முதுமையைக் கழிக்கும் கொழுந்து பறித்த பெண்தான் அவர். தசை மெலிந்த உடலில் கிரியற்றினின் குறைவாகவே ஊறும். அதனால் பழுது மறைந்து நிற்கும். "கிரியற்றினின் கொஞ்சம்தான் கூட" என்ற ஆறுதல் வார்த்தை அவரளவில் பொய்யாகிவிடும்.

பரிகாரத்துக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தோட்டத்து மருந்தகத்தில் ஒரு தராசு, நோயாளி கையோடு கொண்டுபோகும் கிளினிக் கொப்பியில் வயது, எடை, கடைசியாகப் பார்த்த கிரியற்றினின் என மூன்று எண்கள், நெஞ்சுவலியோடு வருபவரின் கொப்பியைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் ஆகியவை போதும். பெற்றோரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளும், கேட்கும்வரை காத்திராமல், அந்த மூன்று எண்களையும் தாமே சொல்லவேண்டும்.

1818 இல் மலைப்பாதையில் மாண்ட சிப்பாய்களுக்கு இரத்தம் ஏன் நிற்கவில்லை என்று சொல்ல எவருமில்லை. அந்த இரகசியம் பின்னர் மருந்தாகி உயிர்களைக் காத்தது. அதைத் தாங்கும் வலு ஒருவரின் உடலுக்கு எவ்வளவு என்பதை அறிய இன்று ஒரு தராசும் ஓர் இரத்தப் பரிசோதனையும் போதும். அவ்வளவுகூட ஊவாத் தோட்டத்து மூதாட்டிக்குக் கிடைக்காமற் போகக்கூடாது.