வால்வு ஆம்ப்ளிஃபயரை யாரிடம் ஒப்படைப்பது? ஒரு கைத்தொழிலின் வரலாறு

1960களில் இங்கிலாந்தில் உருவான ஒரு வாக்ஸ் ஏசி30, அல்லது அமெரிக்காவில் உருவான ஒரு ஃபெண்டர், இன்று கொல்கத்தாவிலோ ஷில்லாங்கிலோ ஒரு வீட்டில் இருக்கிறது என்று கொள்வோம். இயக்கியதும் அடித்தொண்டையில் ஓர் உறுமல் எழுகிறது. அரை மணி நேரத்தில் ஒலி தளர்ந்து அடங்குகிறது. இந்தக் கிதார் ஆம்ப்ளிஃபயரை அதன் உரிமையாளர் யாரிடம் ஒப்படைப்பார்? ஊரில் ஒலிக்கருவி பழுதுபார்க்கும் கடைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் வால்வுக் கருவியைத் திறந்து, அறிந்து, கெடுக்காமல் திருப்பித் தரும் ஒருவரைக் கண்டறிவது கடினமாகியிருக்கிறது. இதற்குத் தனிமனிதர்களின் நேர்மைக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. காரணம் தொழிலின் வரலாற்றில் இருக்கிறது.

பொருளியலில் இச்சிக்கலுக்கு ஒரு பெயர் உண்டு. 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகியோர் எழுதிய கட்டுரை, வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரத்தை எளிதில் அறிய முடியாத பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்தது. அவற்றை ‘நம்பிக்கைப் பண்டங்கள்’ எனலாம். பழுதுபார்ப்பு இவ்வகைக்குத் தெளிவான சான்று. மூன்று மின்தேக்கிகளை மாற்றியதாகச் சொல்லிப் பணம் பெற்றவர் ஒன்றைத்தான் மாற்றினாரா, அந்த ஒன்றும் மாற்றப்பட வேண்டியதுதானா என்பதை வாடிக்கையாளர் அறியார். நோயைச் சொல்பவரும் மருந்தை விற்பவரும் ஒருவரே. இத்தகைய உறவில் ஏமாற்றைத் தடுப்பவை பெரும்பாலும் இரண்டு: வாடிக்கையாளர் மீண்டும் வருவார் என்ற எதிர்பார்ப்பு, அக்கம்பக்கத்தில் பெயர் கெடும் என்ற அச்சம். இவ்விரண்டும் இந்திய நகரங்களில் ஒரு காலத்தில் எவ்வாறு இருந்தன, எவ்வாறு தேய்ந்தன என்பதே இங்குக் கேள்வி.

இந்தியாவில் மின்கிதாரின் வரலாற்றை ராக் இசைக்குழுக்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன்னரே ஹவாயியன் கிதார் இங்கு வேரூன்றிவிட்டது. ஹவாய்த் தீவுகளின் இசைக்கலைஞர் டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்; கற்பித்தார். பின்னர் வான் ஷிப்லி, சுனில் கங்குலி போன்றோர் திரைப்பாடல்களை மின்கிதாரில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுகள் நாடெங்கும் ஒலித்தன. இக்கருவிக்கு ஆம்ப்ளிஃபயர் இன்றியமையாதது. அதைத் திறந்து சரிசெய்யும் அறிவு இரண்டு தொழில்களிலிருந்து வந்தது. ஒன்று ரேடியோ பழுதுபார்ப்பு. மற்றொன்று மைக் செட். பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் 1930களிலிருந்து காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கிகளை அமைத்து வந்தது. 1940இல் தில்லியில் தொடங்கிய அகுஜாவின் பெயர் பின்னாளில் மைக் செட்டுக்கே மறுபெயர்போல் ஆயிற்று. கூட்டமும் திருமணமும் திருவிழாவும் இருந்த ஊரிலெல்லாம் வால்வு ஆம்ப்ளிஃபயரும், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரும் இருந்தனர்.

இந்த அறிவு கிதாருக்குத் தடையின்றிப் பெயர்ந்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஏசி30இன் ஆற்றல் பகுதியில் உள்ளவை நான்கு இஎல்84 வால்வுகள். அதே இஎல்84 ஐரோப்பிய வகை ரேடியோக்களின் ஒலிப்பகுதியில் ஒற்றையாகவோ இரட்டையாகவோ அமர்ந்திருந்தது. கிதார் ஆம்ப்ளிஃபயர்களின் முன்பகுதியில் உள்ள இசிசி83உம் ஒலிக்கருவிகளில் பரவலாகப் பழகிய வால்வே. பல வால்வு ரேடியோக்களின் பின்புறம் கிராமஃபோனை இணைக்க ஒரு துளை இருந்தது. கிதாரை அதிலேயே செருகி வாசிக்கவும் வழி இருந்தது. மர்ஃபியையும் ஃபிலிப்ஸையும் நாள்தோறும் திறந்து மூடிய மெக்கானிக்குக் கிதார் ஆம்ப்ளிஃபயர் புதிய உலகமன்று. அலைவாங்கும் பகுதி நீங்கிய ஒரு பெரிய ரேடியோ.

அடுத்து வந்தது பற்றாக்குறைக் காலம். 1957–58இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர், பயணிகளின் சாமான்களோடும் கப்பல் பணியாளர்கள் வழியாகவும் வந்தால் உண்டு. ஆனால் உதிரிப்பாகத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது. கருவி வராவிட்டாலும் அதன் உயிர்ப்பகுதி உள்நாட்டிலேயே கிடைத்தது. எஞ்சியதை மெக்கானிக்கும், மின்மாற்றி சுற்றுபவரும், பெட்டி செய்த தச்சரும் சேர்ந்து முடித்தனர். சிம்லா சிகரெட்டின் பெயரில் நடந்த சிம்லா பீட் போட்டிகளில் நாடெங்கிலுமிருந்து குழுக்கள் கலந்துகொண்டன. ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸ், சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் போன்ற குழுக்களின் வாசிப்பு 1970, 1971ஆம் ஆண்டுகளின் இசைத்தட்டுகளில் பதிவாகியுள்ளது. அத்தலைமுறையின் குழுக்கள் பல, உள்ளூரில் செய்த ஆம்ப்ளிஃபயர்களையே நம்பியிருந்தன.

அக்காலத்தில் நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது? கல்கத்தாவின் சாந்தினி சௌக், தில்லிச் செங்கோட்டை எதிரிலுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட், பம்பாயின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை உதிரிப்பாகச் சந்தைகளாக வளர்ந்தவை. பாகம் விற்பவர், சரிசெய்பவர், சுற்றுபவர் அனைவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். ஒருவர் சொன்ன விலையை அடுத்த கடையில் சரிபார்க்கலாம். ஒருவரது வேலையின் தரத்தை மற்றொருவர் பெட்டியைத் திறந்த கணத்தில் கண்டுகொள்வார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களை ஆராய்ந்து 1996இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் ஜூலியன் ஓர், அவர்களது அறிவு கையேடுகளில் அடங்காமல், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவக் கதைகளில் வாழ்ந்ததைக் காட்டினார். கடைகள் நெருங்கி நிற்கும் தெருக்களுக்கு இப்பார்வை நன்கு பொருந்தும். வாடிக்கையாளரால் வேலையை மதிப்பிட இயலாவிட்டாலும், சக தொழிலாளர்களால் இயன்றது. மேலும், வீட்டு ரேடியோ ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழுதாகி அதே கடைக்கு வந்தது. ஏமாற்றியவருக்கு அடுத்த ஆண்டின் வருமானம் இல்லை.

இந்த அமைப்பு படிப்படியாகக் கலைந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸே 1962இல் ஜெர்மானியம் குறைகடத்திகளின் தயாரிப்பில் இறங்கியிருந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ பரவப் பரவ வால்வுக்கான தேவை சுருங்கியது. தொழிற்பயிற்சிப் பாடங்கள் டிரான்சிஸ்டருக்கும், பிறகு ஒருங்கிணைந்த மின்சுற்றுகளுக்கும் நகர்ந்தன. 1991க்குப் பின் இறக்குமதி தளர்ந்தது. புதிய கருவிகள் வந்தன. அவற்றில் பழுது என்பது பெரும்பாலும் பலகையைக் கழற்றி வேறு பலகையைப் பொருத்துவது. தெருக்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றில் கணினியும் கைப்பேசியும் விற்பனையாகின்றன. வால்வு அறிந்த மூத்தவர் ஓய்வுபெற்றபோது அவரிடம் கற்றுக்கொள்ள அருகில் ஆளில்லை. ஒருவரது வேலையை இன்னொருவர் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஏற்பாடும் அத்துடன் போயிற்று.

அதே நேரத்தில் பழைய கருவியின் மதிப்பு தலைகீழாயிற்று. பற்றாக்குறைக் காலத்தில் வால்வு உதிரிப்பாகம்; இன்று, இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்ட் தயாரித்த வால்வுகள் சேகரிப்போர் தேடும் பொருள்கள். பழைய மார்ஷல்களில் உள்ள கடுகு நிற மின்தேக்கிகளுக்கும், ஏசி30களில் உள்ள நீலநிற செலஸ்டியன் ஒலிபெருக்கிகளுக்கும் அவ்வாறே. எனவே ஏமாற்றின் வடிவமும் மாறியது. முன்பு செய்யாத வேலைக்குப் பணம் கேட்பார்கள்; இப்போது நல்ல பாகத்தையே கழற்றிக்கொண்டு புதியதைப் பொருத்தித் தரலாம். ஒலி வரும், உரிமையாளர் அறியார். தீய எண்ணமின்றியும் இதே இழப்பு நேர்கிறது. ‘எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டேன்’ என்று பெருமையோடு சொல்பவர், அக்கருவியின் ஒலிக்குக் காரணமான மின்மாற்றியையும் சேர்த்துத் தூக்கி எறிந்திருக்கக்கூடும். ஒலிவெளியீட்டு மின்மாற்றியில் முதன்மைச் சுருளும் துணைச் சுருளும் அடுக்கடுக்காகப் பின்னப்பட்டிருக்கும். சாதாரண மின்மாற்றியைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் உயர்ந்த சுரங்கள் மங்கிவிடும்.

பணயத்தில் இருப்பது பணமும் ஒலியும் மட்டுமல்ல. வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் வடிகட்டும் மின்தேக்கிகள் அதைத் தேக்கி வைத்திருக்கலாம். 1950–60களின் அமெரிக்கக் கருவிகள் பலவற்றில் நிலஇணைப்பு இல்லாத இருமுனைச் செருகி இருந்தது. மின்கம்பிக்கும் உலோகச் சட்டகத்துக்கும் இடையே ஒரு மின்தேக்கியும் இருந்தது. அது பழுதாகிக் குறுக்கிணைந்தால் சட்டகத்தில் மின்சாரம் பாயும். கிதாரின் தந்தி வழியே வாசிப்பவரின் விரலுக்கும் வரும். அக்கருவி 120 வோல்ட்டுக்கு உரியது. இந்தியாவில் 230 வோல்ட். இடையில் வைக்கும் மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமே அன்றி நிலஇணைப்பைத் தானாகத் தந்துவிடாது. 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சி நகர மேடையில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, நிலஇணைப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். இருமுனைச் செருகியைக் கண்டதும் அதை மூன்று முனைக்கு மாற்றி, அந்த மின்தேக்கியை அகற்றாமல் கருவியைத் திருப்பித் தருபவர் எவ்வளவு இனிய ஒலியை மீட்டாலும் நம்பத்தக்கவர் ஆகார்.

அப்படியானால் நம்பத்தக்கவரை எதைக்கொண்டு அறிவது? பழைய ரேடியோ பட்டறையின் ஒழுங்குகள் இங்கு உதவுகின்றன. அவற்றுள் முதன்மையானது சீரிஸ் லாம்ப்: மின்இணைப்பில் தொடராகச் சேர்த்த ஓர் 100 வாட் இழை விளக்கு. நெடுநாள் உறங்கிய கருவியை அதன் வழியே இயக்கினால், உள்ளே குறுக்கிணைப்பு இருக்கும்போது விளக்கு முழுமையாக எரியும், கருவி தப்பும். இல்லையெனில் விளக்கு ஒருகணம் ஒளிர்ந்து மங்கும். விலை மலிந்த இந்த ஏற்பாடு மேசையில் இருந்தால் அவர் வால்வுக் கருவியின் இயல்பை அறிந்தவர் எனக் கொள்ள இடமுண்டு. பெட்டியைத் திறக்குமுன் தொகை சொல்லாமை, கைவைக்குமுன் மின்தேக்கியின் தேக்கத்தை வடித்தல், தேயும் பாகத்தையும் தேயாப் பாகத்தையும் பிரித்துச் சொல்லுதல், கழற்றியவை அனைத்தையும் ஒரு பையிலிட்டுத் திருப்பித் தருதல் ஆகியவையும் அத்தகைய அடையாளங்களே. இவை உயர்ந்த குணத்தின் சான்றுகள் என்பதைவிட, வேலையைப் பிறர் சோதித்தறிய வழிவிடும் பழக்கங்கள். முன்பு அண்டைக் கடைக்காரரின் கண்கள் செய்ததை, திருப்பித் தரப்பட்ட ஒரு பைப் பாகங்கள் ஓரளவு செய்கின்றன.

இன்று அந்த அறிவு ஒரே ஆளிடம் இருப்பது அரிது. வானொலி நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர், மைக் செட் வாடகைக்கடையின் மூத்தவர், பழைய ரேடியோ சேகரிப்பவர், மின்மாற்றி சுற்றும் பட்டறைக்காரர், தாமே மின்சுற்று வரைபடம் படித்துக் கற்ற இளைஞர் என அது சிதறிக் கிடக்கிறது. ‘இது எனக்குத் தெரியாது, அவரிடம் கொண்டுபோங்கள்’ என்று சொல்லி அடுத்தவரைக் காட்டுபவர், கலைந்துபோன தெருவின் ஒரு பகுதியை மீண்டும் கட்டுகிறார். வால்வுகளோ இப்போது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளின் ஆலைகளிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடும் விலையேற்றமும் தொடர்ந்தன. பெங்களூரில் தயாரான வால்வுகளை லாமிங்டன் சாலையில் கேட்டு வாங்க முடிந்த காலத்தின் அருமை அப்போது வெளிப்பட்டது.

இசை வரலாற்றாய்வு இதுவரை குழுக்களையும் பாடல்களையும் இசைத்தட்டுகளையும் தேடித் தொகுத்திருக்கிறது. அவற்றில் கேட்கும் ஒலியைச் சாத்தியமாக்கிய மெக்கானிக்குகள் இசைத்தட்டின் உறையில் பெயரில்லாதவர்கள். அவர்கள் செய்த உள்ளூர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு அச்சிட்ட வரைபடம் கிடையாது; சட்டகத்தின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பும், பற்றவைப்பின் கைவாகுமே ஆவணம். அத்தகைய கருவி பழுதுபார்க்க வரும்போது, திறந்ததும் ஒரு படம் எடுத்து, மின்சுற்றைத் தாளில் வரைந்து வைக்கும் பழக்கம் பரவுமானால், அடுத்து வரும் பழுதுபார்ப்பவருக்கு வழிகாட்டி கிடைக்கும். எழுதப்படாத ஒரு தொழிலின் வரலாற்றுக்கு முதல் ஏடும் கிடைக்கும்.