வணிகச் சதுரங்க மென்பொருள்: விலையும் பல புராசஸர் வசதியும்

வீட்டுக் கணினிக்கான சதுரங்க மென்பொருளை ஒரு புராசஸரில் ஓடுவது, பல புராசஸர்களில் ஓடுவது என இரண்டு பதிப்பாக்கி, இரண்டாவதைக் கூடுதல் விலைக்கு விற்கும் வழக்கம் 2000 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. ஹாம்பர்க் நகரின் செஸ்பேஸ் நிறுவனம் 1991 முதல் விற்றுவரும் ஃபிரிட்ஸ் இதற்கு நல்ல சான்று. சாதாரண ஃபிரிட்ஸ் சுமார் 50 யூரோ என்றால், ‘டீப் ஃபிரிட்ஸ்’ சுமார் 100 யூரோ. ஜூனியர், ஷ்ரெடர், ரிப்கா ஆகியவையும் ‘டீப்’ அடைமொழியோடு வந்தன.

தொடக்கத்தில் இந்த வேறுபாட்டுக்கு நியாயம் இருந்தது. இரண்டு புராசஸர் அன்று பெரும்பாலும் அலுவலகச் சர்வர்களில்தான் இருந்தது. பல புராசஸருக்கு நிரல் எழுதுவதும் எளிதல்ல. முதல் நகர்வை ஆராய்ந்து கிடைக்கும் மதிப்பைக் கொண்டுதான் மற்ற நகர்வுகளில் பெரும்பகுதியை எஞ்சின் (நகர்வைக் கணக்கிடும் நிரல்) தள்ளிவிடுகிறது. அந்த மதிப்பு தெரியுமுன் வேலையைப் பங்கிட்டால் உழைப்பு வீணாகும். ஜெர்மானியர் ரைனர் ஃபெல்ட்மான் வகுத்த முறையில் ‘மூத்த’ நகர்வு, அதாவது முதல் நகர்வு, முடியும்வரை ‘இளையவை’ காத்திருக்கும், பிறகே புராசஸர்களுக்குப் பிரித்துத் தரப்படும். அப்படியும் எட்டு புராசஸருக்கு எட்டு மடங்கு பலன் கிடைக்காது. 2002இல் பஹ்ரைனில் எட்டு புராசஸர் கணினியில் ஓடிய டீப் ஃபிரிட்ஸ், அன்றைய உலகச் சாம்பியன் கிராம்னிக்குடன் 4–4 எனச் சமன் செய்தது.

2005இல் இன்டெலும் ஏஎம்டியும் இரட்டைக் கோர் (ஒரே சில்லில் இரண்டு புராசஸர்) சில்லுகளை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தன. மும்பை லாமிங்டன் சாலையில் வாங்கிய சாதாரணக் கணினியிலும் இரண்டு கோர் இருந்தது. மலிவுப் பதிப்பு அதில் ஒன்றைச் சும்மா விட்டது. அதன்பின் இந்த விலைப் பிரிவினைக்கு நியாயம் பெரிதும் குறைந்தது. ஆனாலும் அது தொடர்ந்தது. பெல்ஜியத்தின் ராபர்ட் ஹூடார்ட் எழுதிய ஹூடினி 3, சாதாரணப் பதிப்பில் 6 கோர் வரையும், ‘புரோ’ பதிப்பில் 32 வரையும் அனுமதித்தது.

கணினி வலுவின் ஏற்றத்தாழ்வைத் தமிழர்கள் நெருங்கிக் கண்டது 2010இல் சோபியாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில். விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்த தோபலோவின் அணி, 112 கோர் கொண்ட கணினித் தொகுப்பில், அப்போது விற்பனைக்கே வராத ரிப்கா 4-ஐ வைத்துத் தயாரானது. ஆனந்துக்கு காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோர் ஆலோசனை சொல்லி உதவினார்கள். கறுப்புக் காய்களுடன் கடைசி ஆட்டத்தை வென்ற ஆனந்த், 6½–5½ எனப் பட்டத்தைத் தக்கவைத்தார்.

கட்டண முறையை உடைத்தது இலவச எஞ்சின். 2008இல் வந்த ஸ்டாக்ஃபிஷ், கோர் எண்ணிக்கைக்குக் காசு கேட்கவில்லை. 2016இல் வந்த அதன் ஏழாம் பதிப்பு, எல்லாக் கோர்களும் ஒரே நிலையைத் தேடி, கண்டதைப் பொது நினைவகத்தில் பகிரும் எளிய முறைக்கு மாறி மேலும் வலுப்பெற்றது. ஸ்டாக்ஃபிஷை அடிப்படையாகக் கொண்ட ஃபேட் ஃபிரிட்ஸ் 2-ஐ செஸ்பேஸ் 2021இல் விற்றபோது, உரிம மீறல் என்று ஸ்டாக்ஃபிஷ் அணி வழக்குத் தொடுத்தது. 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது.

இன்று கல்யாணிலோ தாராவியிலோ பிள்ளைக்குச் சதுரங்கம் பழக்கும் பெற்றோர் எஞ்சினுக்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. ஸ்டாக்ஃபிஷை ஒரு சதுரங்க இடைமுக மென்பொருளில் சேர்த்ததும் எஞ்சின் அமைப்புகளில் ‘த்ரெட்ஸ்’ என்ற இடத்தைப் பாருங்கள். அது இயல்பாக 1 என்றே இருக்கும்; உங்கள் கணினியின் கோர் எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.